கால் தூக்காத கார்

மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்துவிட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். இந்தக் கையால் மறுபடியும் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள்? அடையாறில் நான் நடத்தும் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாதம் பிசைந்து சாப்பிடணும், வண்டி ஓட்டணும், தலை பின்னிக்கணும் என்பார்கள். பதிலுக்கு ஏற்றபடி பயிற்சியை அமைப்பேன். தி. நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவர், ஐம்பதை ஒட்டிய வயது, யோசிக்காமல் "ரேஸ் ஓட்டணும் மேடம்" என்றார்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்துதான் அவர் கை உடைந்திருந்தது. அதனால் பைக் ரேஸ் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் கண்டிப்பாகவே பேச ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, பையிலிருந்து துப்பாக்கிப் பிடி போன்ற ஒரு பொருளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை இருந்தது. அதை அழுத்தினால் மரப்பலகைத் தடத்தில் உள்ளங்கை நீளக் கார் ஒன்று ஓடும் என்றார். தடத்தில் காருக்கொரு கோடு பள்ளமாகக் குடைந்திருப்பார்கள். அதன் இரு பக்கமும் செம்புப் பட்டை, அதில் மின்சாரம். காரின் மூக்குக்கு அடியில் இருக்கும் சின்னத் துடுப்பு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். ஸ்டியரிங் கிடையாது. விசையை அழுத்துவதும் விடுவதும்தான் ஓட்டுவது. அதிகமாக அழுத்தினால் வளைவில் கார் பள்ளத்தை விட்டுப் பறந்துவிடும். இதற்கு ஸ்லாட் கார் என்று பெயர். ஊரில் இதற்காக ஒரு சின்ன கிளப்பே இருக்கிறது என்று அவர் சொன்னபோது, இத்தனை வருஷம் இதே பக்கத்தில் குடியிருந்தும் எனக்குத் தெரியவில்லையே என்றிருந்தது.

அந்த விசையையே அவருடைய பயிற்சிக் கருவியாக்கினேன். அடுத்த தடவை அவர் காரையும் கொண்டுவந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றும், நானும் அப்படியே கூப்பிடலாம் என்றும் சொல்லியிருந்தார். ஒரு கையால் பயிற்சி செய்துகொண்டே மறு கையில் போனை வைத்துக்கொண்டு, கடையிலிருக்கும் தம்பியோடு உருதுவில் சண்டை போடுவார். போனை வைத்ததும் அதே மூச்சில் என்னிடம் தமிழில் தொடர்வார்.

காரின் மேல்கூடு காகிதம் போல மெல்லிய பிளாஸ்டிக். அதைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்துக் காட்டினார். நான் பொம்மைக் காரின் அடிப்பாகத்தைத்தான் எதிர்பார்த்தேன். இருந்ததோ பித்தளைத் தகடும் எஃகுக் கம்பியும், கம்பி நுனிகள் செருகும் சின்னக் குழாய்களுமாக ஈயத்தால் பற்றவைத்த ஒரு சட்டகம். நடுவில் மோட்டார், பின்னால் பல்சக்கரமும் ஸ்பாஞ்ச் டயரும். சேஸி என்னும் இந்தச் சட்டகத்தைக் கையாலேயே செய்ய வேண்டும் என்பது அவர்கள் போட்டிகளில் ஒரு பிரிவின் விதி. இதை அவர் தன் கடையில், கண்ணாடி ஃபிரேம் பற்றவைக்கும் மேஜையிலேயே செய்திருந்தார். கையில் எடுத்ததும் இரண்டு பக்கத் தகடுகளும் கடகடவென்று ஆடின.

"இது லூசா இருக்கே, விழுந்துடுத்தா?" என்றேன்.

"இல்ல மேடம், அது ஆடணும். ஆடலைன்னா ஓடாது."

"ஏன்?"

அவர் இரண்டு தகடுகளையும் விரலால் ஆட்டிப் பார்த்தார். அப்புறம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

அன்று மத்தியானம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உடம்பில் எந்த மூட்டு ஆடணும், எது ஆடக்கூடாது என்பதுதான் என் படிப்பே. இங்கே ஒருவர் தன் கையாலேயே ஆடும் மூட்டுகளைச் செய்து வைத்திருக்கிறார். ஏன் ஆட வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் வங்கியில் வேலை செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளி வீட்டை விட்டு நகர மாட்டார். கிளப் இருப்பது திருவான்மியூரில், கடற்கரை பக்கம் என்றதும் கூட வந்தார்.

பஸ் டெர்மினஸுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறை, மாடியில் தடம். பட்டறைக்காரர்தான் தடத்தையும் செய்தவர். மீனவக் குடும்பம், அண்ணன்கள் இருவரும் இன்னமும் கடலுக்குப் போகிறார்கள். இவர் ஃபைபர் படகு செய்யும் இடத்தில் வேலை கற்று, அப்படியே மரவேலைக்கு வந்தவர். ஹால் முழுக்க வளைந்து வளைந்து போகும் சாம்பல் நிறத் தடம், இடுப்பு உயரத்தில். கடல் காற்றில் செம்புப் பட்டை வாரத்துக்குள் பச்சை பிடித்துவிடும். அதனால் வந்தவர்கள் எல்லோரும், டாக்டரானாலும் வக்கீலானாலும், முதலில் ஆளுக்கொரு துணியை எடுத்துக்கொண்டு தடத்தைத் துடைத்தார்கள். எங்கள் கையிலும் துணி கொடுத்தார்கள்.

தடத்தின் கடைசியில் குறுகலான ஒரு இடது வளைவு. அதற்கு டெர்மினஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லா வண்டியும் அங்கேதான் வந்து நிற்குமாம். அன்று நான் ஓட்டிப் பார்த்தபோது எனக்குக் கொடுத்த வண்டி நிற்கக்கூட இல்லை, நேராகச் சுவருக்குப் போனது. பறக்கும் கார்களை எடுத்துப் பள்ளத்தில் திரும்ப வைக்க வளைவுக்கு ஒரு ஆள் வேண்டும். அன்று டெர்மினஸ் ஆள் வரவில்லை. என் கணவரை அங்கே நிற்க வைத்தார்கள். கடற்கரைக்குப் போகலாம் என்று வந்தவர், மாலை வரை அங்கேயே குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். முதுகு வலிக்கும் என்றேன். அடுத்த சுற்றில் மூன்றாம் கோட்டுக் கார் வரும், குறுக்கே நிற்காதே என்றார்.

எனக்கு ஓட்டுவதில் ஆசை வரவில்லை. ஒவ்வொரு காரையும் கவிழ்த்துப் பார்க்கத்தான் கை துறுதுறுத்தது. ஒருவர் கம்பியை நீளவாக்கில் வைத்திருந்தார், இன்னொருவர் குறுக்கே. எதற்கு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை.

கம்பி எனக்குப் புதிதில்லை. விரல் மடங்காதவர்களுக்குக் கையில் மாட்டும் ஸ்ப்ளின்ட்டுகளை நானே செய்வேன். அதற்கு ஸ்பிரிங் போலத் துள்ளும் எஃகுக் கம்பியை வளைத்து வளைத்துப் பழகியிருந்தேன். சுருள் சுருளாகக் கம்பி கிளினிக்கில் கிடந்தது. தகடு, ஈயம், பற்றவைக்கத் தடவும் அமிலத் திரவம் எல்லாவற்றையும் பாய் கடையிலிருந்து கொடுத்தனுப்பினார். சமையல் மேடை போட்டபோது மிஞ்சிய கிரானைட் துண்டு ஒன்று வீட்டில் இருந்தது. சேஸி கோணாமல் இருக்க அதன்மேல் வைத்துத்தான் பற்றவைத்தேன். அந்தத் திரவத்தின் ஆவி பட்டால் பக்கத்திலிருக்கும் இரும்பெல்லாம் துருப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து என் கணவர் நகவெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆத்துல இனிமே எதைப் பத்த வெக்கறதா இருந்தாலும் பால்கனிக்குப் போ. இதப் பாரு, புதுசு, துருப்பிடிச்சுண்டு இருக்கு."

பால்கனிக்குப் போனேன். முதல் சேஸியை முடிக்கப் பல வாரங்கள் ஆயின. எல்லா இணைப்பையும் பளபளவென்று தேய்த்தேன். கிரானைட் மேல் வைத்து நான்கு மூலையையும் விரலால் தட்டினேன். எங்குமே டக்கென்று ஆடவில்லை. பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபிரேம் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றார். மோட்டாரைப் பொருத்தித் தடத்தில் விட்டோம். டெர்மினஸில் ஒவ்வொரு சுற்றும் தவறாமல் பறந்தது. என் கணவரே சலித்துப்போனார். பட்டறைக்காரர் பக்கத்தில் வந்து, எனக்கு வருத்தம் வரக்கூடாது என்ற அக்கறையோடு, "சூப்பரா கீது மேடம். ஷோகேஸ்ல வச்சிருங்க" என்றார்.

இரண்டாவது சேஸி அவசரத்தில் செய்தது. கிளப்பில் அந்த ஞாயிறு பழகுவதற்கான நாள். சனிக்கிழமை முழுக்க மழை, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பற்றவைக்கும் கோலின் நுனி கருத்துப்போய்ச் சரியாகச் சூடேறவில்லை. கம்பிச் சுருளும் கடைசி முனைக்கு வந்திருந்தது; போதுமோ போதாதோ என்று அளந்து வெட்டினேன். ஈயம் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. கிரானைட் மேல் வைத்துத் தட்டினால் ஒரு மூலை ஆடியது. இடது பக்கம் வலதைவிட ஒரு மயிரிழை நீளம். கொண்டுபோகவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் வெறும் கையோடு போக மனமில்லாமல் எடுத்துப் போனேன்.

அதற்குள் பாய்க்குக் கை நன்றாக மடங்க ஆரம்பித்திருந்தது. அவர்தான் ஓட்டினார். முதல் இரண்டு சுற்று மெதுவாக. பிறகு அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். டெர்மினஸுக்கு வரும்போது வழக்கமாக டயர் கீச்சிடும், கார் ஒரு பக்கம் தூக்கும், ஓட்டுகிறவர் விசையை விட்டுவிடுவார். இந்த வண்டி அங்கே ஒரு சத்தமும் போடவில்லை. உள்ளே போனது, வெளியே வந்தது. பாய் அடுத்த சுற்றில் இன்னும் அழுத்தினார். அப்போதும் அப்படியே. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சுற்று நேரம் காட்டும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த பட்டறைக்காரர், சென்சாரில் ஏதோ கோளாறு என்று குனிந்து அதைத் துடைத்தார். கோளாறு ஒன்றும் இல்லை. அன்று ஓடிய எல்லா வண்டியையும் விட அதுதான் வேகம்.

வண்டி நின்றதும் எல்லோரும் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

பாய் கோணல்தான் ரகசியம் என்றார். தடத்தில் இடது வளைவுகள் அதிகம். ஒரு பக்கம் நீளமாக இருப்பதால் வண்டி தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவர் கட்சி. எனக்குக் கம்பி மேல் சந்தேகம். சுருளின் கடைசி முனை பல வருஷம் இறுக்கமாகச் சுற்றிக் கிடந்தது, அதனால் அதன் துள்ளல் குறைந்திருக்கலாம். பட்டறைக்காரர் இரண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டில ஒண்ணும் இல்ல மேடம். பாய் கை ரெஸ்ட்ல இருந்துச்சுல்ல, அதான் இப்ப ஃபிரெஷ்ஷா கீது."

அடுத்த இரண்டு மாதம் நான் நகல் எடுத்தேன். அதே நீளம், அதே கோணல் என்று ஒன்று. மெதுவாகத்தான் ஓடியது. பழைய ஸ்ப்ளின்ட் ஒன்றைப் பிரித்து, சுற்றிக் கிடந்த கம்பியால் இன்னொன்று. அது முதலாவதை விடவும் மோசம். ஒவ்வொரு நகலையும் முந்தியதைவிடக் கவனமாகச் செய்தேன். ஒவ்வொன்றும் டெர்மினஸில் பறந்தது.

கடைசியில் நான் நோயாளிகளுக்குச் செய்வதையே காருக்கும் செய்தேன். நடையில் கோளாறு என்று வருகிறவர்களை நடக்கவிட்டு, போனில் மெதுவோட்டப் படம் எடுத்து, எந்தக் கால் எப்போது தரையை விடுகிறது என்று பார்ப்பது வழக்கம். டெர்மினஸ் ஓரத்தில் போனைத் தடத்தோடு ஒட்டி வைத்துப் படம் எடுத்தேன். நகல் வண்டிகள் வளைவில் நுழைந்ததும் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு மேலே வந்தது. மறு நொடி துடுப்பு பள்ளத்திலிருந்து கழன்றது. அசல் வண்டியில் அந்தச் சக்கரம் தரையை விடவே இல்லை. சட்டகம் லேசாக முறுக்கிக் கொடுத்தது, நான்கு சக்கரமும் ஒட்டிக்கொண்டே போயின. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்பது தெரியவில்லை.

பிரித்துப் பார்த்துவிடலாம் என்றேன். ஒவ்வொரு இணைப்பாகச் சூடேற்றிக் கழற்றினால் எங்கே வித்தியாசம் என்று தெரிந்துவிடும். பாய் வண்டியைக் கையிலிருந்து தரவே இல்லை.

"ஓடுற வண்டிய யாராச்சும் அறுப்பாங்களா மேடம்? பெங்களூர்க்காரங்க வராங்க. அது முடியட்டும், அப்புறம் உங்க இஷ்டம்."

பெங்களூர் கிளப்போடு வருஷத்துக்கு ஒருமுறை போட்டி உண்டு. அந்த முறை திருவான்மியூரில். வண்டியைச் செய்தது நான்தான். ஆனால் அதை ஓட்டி ஓட்டி அதன் குணத்தைத் தெரிந்துகொண்டவர் அவர். கை திரும்பி வந்த சந்தோஷமும் அந்த வண்டியோடு சேர்ந்திருந்தது. சரி என்றேன். ஆனால் அந்த வாரங்களில் எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் குறைந்துதான் போயிற்று. நான் காரை ஒரு மாதிரியாகப் பார்க்கிறேன் என்று அவர் என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். கத்தியும் கையுமாக டாக்டர் பார்ப்பது போல என்றாராம்.

போட்டி நாள் வந்தது. மாடியில் நிற்க இடமில்லை. பெங்களூர்க்காரர்கள் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். தடத்தைத் துடைக்க அவர்களும் துணி எடுத்தார்கள். பாய் வெள்ளைச் சட்டையில், தலை வாரி, மாப்பிள்ளை போல இருந்தார். விசையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

இரண்டாம் சுற்றிலேயே வண்டி டெர்மினஸில் பறந்தது. என் கணவர் எடுத்து வைத்தார். மறுபடி பறந்தது. பாய் வேகத்தைக் குறைத்தார், கொஞ்சம் ஓடியது, கூட்டினார், பறந்தது. கீச்சென்ற சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டது. நகல் வண்டிகளின் சத்தம் அதேதான். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். உள்பக்கச் சக்கரம் தூக்கியது. மூன்று மாதமாக ஓடிய அதே வண்டி, அதே கம்பி, அதே கோணல். இன்றைக்கு மட்டும் கால் தூக்குகிறது. அப்படியென்றால் கோணலும் இல்லை, கம்பியும் இல்லை.

கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தோம். பாய் கை கொடுத்தார், எல்லோரையும் பாராட்டினார், பிரியாணி வந்தபோது எல்லோருக்கும் பரிமாறினார், தான் சாப்பிடவில்லை. வண்டியைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சீக்கிரம் கிளம்பினார். அன்று அவரிடம் அதைக் கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் கை பரிசோதனைக்கு வந்தார். மணிக்கட்டை மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, போட்டியன்று காலையில் வண்டியைத் துடைத்து எண்ணெய் போட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் முறைப்படிதான் செய்தேன், எங்கே தப்பு என்றே புரியவில்லை என்றார். பிறகு, பேச்சோடு பேச்சாக, வலப்பக்கக் கம்பி முன்னால் சேரும் இடத்தில் ஈயம் வறண்டு கிடந்தது, நடுவில் விட்டுப்போகக் கூடாதே என்று அதை மட்டும் ஒருமுறை தொட்டு வைத்தேன் என்றார்.

நான் அவர் கையை விட்டுவிட்டேன்.

"எந்தக் கம்பி?"

"ரைட் சைடு. அந்தச் சின்னக் குழாய்க்குள்ள போகுதே, அது. ஈயம் மேலாக்க நின்னுச்சு மேடம், கம்பியப் பிடிக்கவே இல்ல. நான் ஒழுங்கா சூடு பண்ணி..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

அவர் முகத்தில் அது மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். அந்த மழைநாளில் சூடேறாத கோலால் நான் பற்றவைத்த அந்த இணைப்பு பிடிக்கவே இல்லை. கம்பி குழாய்க்குள் இத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்தது; வளைவில் தேவைப்படும்போது ஒரு துளி திரும்பியது, ஒரு துளி வழுக்கியது. அதனால்தான் சட்டகம் முறுக்கிக் கொடுத்தது. நகல்களில் எல்லா இணைப்பையும் நான் கெட்டியாகப் பிடிக்க வைத்திருந்தேன். கவனம் கூடக் கூட வண்டி மெதுவானதன் காரணம் அதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"என் கையாலயே கெடுத்திருக்கேன். நீங்க சிரிக்கிறீங்க" என்றார். நிஜமாகவே மனம் நொந்திருந்தது குரலில் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டேன். போட்டியை நினைத்து நான் சிரிக்கவில்லை, மூன்று மாதம் தூங்கும்போதும் எழும்போதும் மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அதற்குத்தான் என்றேன். நீங்கள் அதைத் தொடாமலிருந்தால் நான் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு, எது காரணம் என்று தெரியாமலே இருந்திருப்பேன் என்றேன். அவர் உடனே சமாதானமாகவில்லை. ஃபிரேம் பற்றவைத்துப் பற்றவைத்துப் பழகிய கை அவருடையது. அரைகுறை இணைப்பைப் பார்த்தால் தொடாமல் இருக்க முடியாது. அந்தக் கையை அவரால் அன்று மன்னிக்க முடியவில்லை. வெளியே அடுத்த நோயாளி காத்திருந்தார். சாயங்காலம் கடைக்கு வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தி. நகரில் அந்த நேரத்தில் நடப்பதே பெரிய பாடு. கடையில் இரண்டு மூன்று பேர் கண்ணாடிக்காகக் காத்திருந்தார்கள்; தம்பி அவர்களைப் பார்த்துக்கொண்டார். பின்னால் இருந்த மேஜையில் பாய் விளக்கை இறக்கி, கோலைச் சூடேற்றி, அந்த ஒரு இணைப்பை மட்டும் உருக்கிக் கம்பியை வெளியே இழுத்தார். அவர் பற்றவைத்த இடத்தில் கம்பி ஒரே சீராக வெள்ளியாய் மின்னியது. குழாய்க்குள் இருந்த ஈயத்தை ஊசியால் சுரண்டி எடுத்தோம். கம்பியைத் துடைத்து மறுபடி குழாய்க்குள் விட்டார். இந்தத் தடவை பற்றவைக்கவில்லை. வெளியே கழன்று வராமல் இருக்க நுனியில் ஒரு பொட்டு ஈயம் மட்டும் வைத்தார். விரலால் திருப்பிப் பார்த்தார். கம்பி சுகமாகத் திரும்பியது.

"இது எனக்குப் பிடிக்கவே இல்ல மேடம்" என்றார். "வேல முடியாத மாதிரி கீது."

ஞாயிற்றுக்கிழமை தடம் துடைத்த துணியைப் போட்டுவிட்டு முதல் ஆளாக வண்டியைத் தடத்தில் வைத்தார். டெர்மினஸில் என் கணவர் தயாராகக் குனிந்து நின்றார். வண்டி சத்தமில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடியும். மறுபடியும். என் கணவர் நிமிர்ந்து, தனக்கு வேலை இல்லை என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பாய் விசையை விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போய் நின்றபோதுதான் அவர் கண் கலங்கியிருந்தது தெரிந்தது. பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

அன்றே நகல் வண்டிகள் எல்லாவற்றிலும் அந்த ஒரு கம்பியை விடுவித்தோம். எல்லாமே ஓடின. அப்படியானால் இடது பக்கக் கம்பியையும் விட்டால் இன்னும் நன்றாக ஓடுமோ என்று அதையும் விட்டுப் பார்த்தோம். நேர்த்தடத்திலேயே தள்ளாடியது. ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் விட்டால்தான் சரி. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை திருப்தியாக விளங்கவில்லை. முன்கையில் இரண்டு எலும்பு, ஒன்று நிற்க மற்றது அதைச் சுற்றித் திரும்பும் என்று பாய்க்கு ஒரு எலும்புக்கூட்டுக் கையை வைத்து விளக்கினேன். அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

மறு வருஷம் நாங்கள் பெங்களூர் போனோம். பாய் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவரிடம் காரைக் கவிழ்த்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு கையில் கொடுத்தார். எங்களுடையதைப் போல அதில் எதுவும் இல்லை. முன்சக்கரங்கள் தரையைத் தொடவே இல்லை. ரயிலில் காட்பாடி வரும்வரை இருவரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

கிளப்பில் இப்போது பாதிப் பேர் ஒரு பக்கக் கம்பியை விட்டுத்தான் செய்கிறார்கள். பாய் மட்டும் ஒவ்வொரு முறையும் முதலில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பற்றவைத்து முடித்துவிட்டு, அப்புறம் வேண்டாவெறுப்பாக அந்த ஒன்றை உருக்கி எடுக்கிறார். சேஸியை எல்லாம் ஒரு பொருட்டாகவே நினைக்காத பட்டறைக்காரர் போன மாதம், சைக்கிள் ஸ்போக்கை வளைத்துத் தானும் ஒன்று செய்துகொண்டு வந்தார். போன ஞாயிறு அது எங்கள் வண்டிகள் இரண்டையும் முந்தியது. அதைக் கவிழ்த்துப் பார்க்க நானும் பாயும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

"ரேஸ் முடியட்டும் மேடம்" என்று சொல்லி, பட்டறைக்காரர் வண்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.